சூத்திரம் சரி, விடை மட்டும் உதைக்கிறதா? வோல்டேஜ், ஆம்ப்ஸ், ஓம், வாட்ஸ் கணக்கில் கோளாறு பார்ப்பது எப்படி

வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் மின்தடை, ஓமில் வரும். வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கினால் பவர், வாட்ஸில் வரும். பத்தாம் வகுப்பில் படித்த இந்த இரண்டு வரியை வைத்தே வீட்டுக் கரண்ட் சமாச்சாரத்தில் பாதிக் கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம். கரண்ட் எவ்வளவு என்று தெரியாவிட்டால் வோல்டேஜை வோல்டேஜாலேயே பெருக்கி ஓமால் வகுத்தால் வாட்ஸ் வந்துவிடும். வோல்டேஜ் தெரியாவிட்டால் கரண்டைக் கரண்டால் பெருக்கி அதை ஓமால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம்.

விடை உதைக்கும்போது பலரும் சூத்திரத்தைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது. ஒரு எண்ணை லேபிளில் இருந்து எடுத்திருப்பார்கள், இன்னொன்றை மீட்டரில் இருந்து, மூன்றாவதை 230 என்று மனப்பாடமாகப் போட்டிருப்பார்கள். எல்லா எண்ணும் ஒரே பொருளில், ஒரே இடத்தில், அந்தப் பொருள் ஓடிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் எடுத்ததாக இருந்தால்தான் கணக்கு பேசும். கீழே ஒவ்வொரு அறிகுறியிலும் முதலில் இதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஆரம்பிக்கும் முன் இரண்டு விஷயம், தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஓம் அளப்பது எப்போதும் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, ஏனென்றால் பழைய ஒயரிங்கில் சுவிட்ச் நியூட்ரலில் மாட்டியிருப்பது சகஜம். அப்புறம், வீட்டு லைனில் ஆம்ப்ஸ் பார்க்க மல்டிமீட்டரைத் தொடரில் நுழைக்க வேண்டாம், ஒயரை வெட்டாமல் வெளியே இருந்தே கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் பயன்படுத்துங்கள். ஆம்ப்ஸ் குழியில் ஒயரைச் செருகியபடியே வோல்டேஜ் பார்க்கிறேன் என்று பிளக் பாயிண்டில் குத்தினால் அது நேரடி ஷார்ட் சர்க்யூட், மட்டமான மீட்டர் கையிலேயே வெடிக்கும்.

கீசரில் 2000 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது, கணக்கில் 1300தான் வருகிறது

தண்ணீர் சூடாக நேரமாகிறது, எலிமென்ட் போயிருக்குமோ என்று சந்தேகம் வரும் இடம் இது. கீசர் ஓடும்போது வோல்டேஜ் 185, கரண்ட் 7 ஆம்ப்ஸ் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 1295 வாட்ஸ். லேபிளில் 2000. உடனே எலிமென்ட்டை மாற்றச் சொல்லிவிடாதீர்கள், பெருக்கிய அதே இரண்டு எண்ணை இப்போது வகுத்துப் பாருங்கள்: 185 ÷ 7 = 26.4 ஓம். இனி லேபிளில் இருந்து கணக்குப் போடுங்கள்: 230 × 230 ÷ 2000 = 26.45 ஓம். இரண்டும் ஒன்றுதான். எலிமென்ட் நன்றாக இருக்கிறது, வோல்டேஜ்தான் வரவில்லை.

லேபிளில் இருக்கும் 2000 வாட்ஸ் என்பது அதே லேபிளில் போட்டிருக்கும் 230 வோல்ட்டுக்கு மட்டும் பொருந்தும் எண். எலிமென்ட்டுக்கு மாறாமல் இருப்பது ஓம், வாட்ஸ் அல்ல. வோல்டேஜ் இறங்கினால் கரண்டும் கூடவே இறங்குகிறது, அதனால் பவர் இரண்டு மடங்கு வேகத்தில் அடிவாங்குகிறது. 230இல் இருந்து 185க்கு வந்தால் வோல்டேஜ் குறைந்தது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, பவர் குறைந்ததோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி ஏற்ற 2000 வாட்ஸில் சுமார் 16 நிமிடம் போதும், 1295 வாட்ஸில் 24 நிமிடம் ஆகும். மாலையில் ஊரே லோடு போடும் நேரத்தில் "கீசர் மந்தமாகிவிட்டது" என்று தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

வகுத்து வந்த ஓம் லேபிள் கணக்கைவிட நன்றாகவே அதிகம் என்றால் கதை வேறு. இரண்டு ராடு உள்ள ரூம் ஹீட்டரில் ஓம் சரியாக இரு மடங்கு வந்தால் ஒரு ராடு அறுந்திருக்கிறது. ஐந்து, பத்து சதவீத வித்தியாசத்துக்கு அலட்டிக்கொள்ள வேண்டாம், தயாரிப்பிலேயே அவ்வளவு ஏற்ற இறக்கம் உண்டு.

உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்களுக்கு ஒரு சேர்க்கை: எலிமென்ட் மேல் உப்பு படிந்தால் வாட்ஸ் குறையாது, மீட்டரில் எல்லாம் சரியாகவே தெரியும். சூடு தண்ணீருக்குப் போகத் திணறி எலிமென்ட் தன்னையே சுட்டுக்கொண்டு சீக்கிரம் அறுந்துபோகும். ஆகவே கணக்கு சரியாக வருகிறது என்பதற்காகக் கழற்றிச் சுத்தம் செய்வதைத் தள்ளிப்போடக் கூடாது.

சும்மா இருக்கும்போது 228 வோல்ட், சுவிட்ச் போட்டதும் 210

இதை வைத்துக்கொண்டு 228ஐயும் ஓடும்போது எடுத்த ஆம்ப்ஸையும் பெருக்கினால் விடை தப்பாகத்தான் வரும். லோடு இல்லாதபோது எடுத்த வோல்டேஜும் லோடு உள்ளபோது எடுத்த கரண்டும் வேறு வேறு நேரத்து எண்கள். இந்தச் சிக்கல் ஜார்ஜ் சைமன் ஓமுக்கே வந்தது. 1825இல் அவர் செய்த சோதனைகளில் மின்கலத்தின் வோல்டேஜ் லோடு ஏற ஏற இறங்கிக்கொண்டே இருந்ததால் அவருக்குக் கிடைத்த சூத்திரமே தப்பாகிப்போனது. பிறகு 1826இல் மின்கலத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்த வெப்பமின்னிரட்டையை எடுத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான வோல்டேஜை உண்டாக்கிய பிறகுதான் இன்று நாம் எழுதும் விதி தெளிவாகத் தெரிந்தது.

சரி, அந்த 18 வோல்ட் எங்கே போனது? ஒன்று தெருவிலேயே குறைகிறது, அல்லது உங்கள் வீட்டு ஒயரில். பிரித்துப் பார்ப்பது சுலபம். லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது மெயின் போர்டுக்குப் பக்கத்துப் பாயிண்டில் ஒரு அளவு, லோடு உள்ள போர்டிலேயே காலியாக இருக்கும் பாயிண்டில் இன்னொரு அளவு எடுங்கள். இப்போதைய டிஜிட்டல் ஈ.பி. மீட்டர்கள் பலவற்றில் வோல்டேஜும் ஆம்ப்ஸும் மாறி மாறி ஓடும், அதையும் பார்க்கலாம். மெயினிலேயே 211 என்றால் வீட்டுக்குள் தேடிப் பயனில்லை. மெயினில் 226, இங்கே 210 என்றால் 16 வோல்ட் உங்கள் சுவருக்குள் தொலைகிறது. கரண்ட் 8 ஆம்ப்ஸ் என்றால் 16 ÷ 8 = 2 ஓம் வழியில் உட்கார்ந்திருக்கிறது, 16 × 8 = 128 வாட்ஸ் சுவருக்குள் சூடாகிறது.

2 ஓம் நியாயமா என்று எப்படித் தெரியும்? 1 சதுர மி.மீ. செம்பு ஒயர் கிலோமீட்டருக்குச் சுமார் 18 ஓம். போர்டு 25 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 50 மீட்டர், ஆக 0.9 ஓம். 2.5 சதுர மி.மீ. ஒயரில் அதே தூரத்துக்கு 0.37 ஓம்தான். போக வர என்பதை மறந்து பாதித் தூரத்துக்குக் கணக்குப் போடுவது அடிக்கடி நடக்கும் தப்பு. ஆகவே 1 சதுர மி.மீ. போட்டிருந்தால்கூட 2 ஓம் என்பது அதிகம், நடுவில் எங்கோ ஜாயின்ட் லூசாக இருக்கிறது என்று அர்த்தம். ஜங்ஷன் பாக்ஸில் வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய இடம், சுவிட்ச் பின்னால் திருகு தளர்ந்த இடம் இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மெயினை இறக்கிவிட்டுத்தான். ஒயரிங் பழக்கம் இல்லாவிட்டால் இந்த இடத்தில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், ஆனால் உங்கள் இரண்டு அளவையும் எழுதிக் கையில் கொடுங்கள், அவருக்குத் தேடும் வேலை மிச்சம்.

பிளக் டாப் சுடுகிறது, ஆனால் வோல்டேஜ் சரியாகக் காட்டுகிறது

பக்கத்துப் பாயிண்டில் அளந்தால் அப்படித்தான் காட்டும். பிளக்கின் பின்னுக்கும் சாக்கெட்டின் உள்தகட்டுக்கும் நடுவில் உள்ள இழப்பு அங்கே தெரியாது. அந்தத் தொடுமிடத்தில் அரை ஓம் இருந்தால் போதும், 8.5 ஆம்ப்ஸ் ஓடும்போது 8.5 × 8.5 × 0.5 = 36 வாட்ஸ். ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்ஸ்தான், அதைவிடப் பெரியதை பிளாஸ்டிக் பிளக்குக்குள் வைத்திருப்பது போல. வோல்டேஜ் இழப்போ வெறும் 4 வோல்ட்தான், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இங்கே மீட்டரைவிடக் கண் நல்ல கருவி. கால் மணி நேரம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிப் பின்னைப் பாருங்கள். பழுப்பேறியிருந்தாலோ பிளாஸ்டிக் விளிம்பு நெளிந்திருந்தாலோ சாக்கெட், பிளக் டாப் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் கெட்டது நல்லதையும் கெடுக்கும். கீசர், இன்டக்‌ஷன் அடுப்பு, வாட்டர் ஹீட்டர் ராடு எல்லாம் 16 ஆம்ப்ஸ் பெரிய பாயிண்டில்தான் போட வேண்டும். 6 ஆம்ப்ஸ் பாயிண்டின் உச்ச அளவு 230 × 6 = 1380 வாட்ஸ், அதிலும் நெடுநேரம் ஓடும் பொருளை அந்த உச்சத்தில் வைக்கக் கூடாது. மூணு பின் மாற்றி அடாப்டர் போட்டு 2000 வாட்ஸை அதில் ஓட்டும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. இன்றே நிறுத்துங்கள்.

100 வாட்ஸ் குண்டு பல்பை ஓமில் அளந்தால் 1300 வாட்ஸ் என்று வருகிறது

மீட்டர் கெட்டுப்போகவில்லை. பல்பைக் கையில் வைத்து அளந்தால் 40 ஓம் அளவில் காட்டும், அதைப் போட்டு 230 × 230 ÷ 40 என்று கணக்கிட்டால் 1322 வாட்ஸ். ஆனால் எரியும்போது டங்ஸ்டன் இழை 2000 டிகிரிக்கும் மேல் சூடாகி அதன் மின்தடை பல மடங்கு ஏறி 529 ஓமுக்குப் போய்விடுகிறது, 230 × 230 ÷ 529 = 100 வாட்ஸ். குளிர்ந்த பொருளில் எடுத்த ஓமும் சூடான பொருளுக்கு வரும் வோல்டேஜும் ஒரே கணக்கில் சேராது. சுவிட்ச் போட்ட அந்த நொடியில் பல்பு டப்பென்று போவதும் இதனால்தான், அந்தக் கணத்தில் நிஜமாகவே பல மடங்கு கரண்ட் பாய்கிறது.

அயர்ன் பாக்ஸ், கீசர், கெட்டில் இவற்றில் இருப்பது நிக்ரோம் என்ற நிக்கல்-குரோமியம் கலவைக் கம்பி. அது சூட்டில் சில சதவீதமே மாறும், அதனால் குளிர்ந்த நிலையில் அளந்தாலும் கணக்கு ஒத்துவரும். 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸில் பிளக் பின்களுக்கு நடுவே 53 ஓம் பக்கத்தில் காட்ட வேண்டும். ஓ.எல். (மீட்டரின் எல்லையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்) அல்லது வெறும் 1 என்று மட்டும் காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது. எலிமென்ட்தான் என்று இல்லை, தெர்மோஸ்டாட் பூஜ்யத்தில் இருந்தாலும் அப்படித்தான் காட்டும், திருப்பிவிட்டு மறுபடி பாருங்கள்.

ஓமில் இருக்கும்போதே இன்னொரு அளவும் எடுத்துவிடுங்கள்: பேஸ் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே, அப்புறம் நியூட்ரல் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே. இரண்டிலும் ஓ.எல்.தான் வர வேண்டும். சில ஆயிரம் ஓம் காட்டினாலும் அந்தப் பொருளைத் தொடக் கூடாது, பாடியில் கரண்ட் கசிகிறது.

தண்ணீர் மோட்டாரில் எந்தக் கணக்கும் ஒத்துவரவில்லை

ஒத்துவராது, வரவும் கூடாது. மோட்டாரின் காயிலை அளந்தால் நான்கைந்து ஓம்தான் காட்டும். 4 ஓம் என்று வைத்தால் 230 ÷ 4 = 57 ஆம்ப்ஸ், 13,000 வாட்ஸுக்கும் மேல். ஓடும் மோட்டாரில் கிளாம்ப் போட்டால் 7 ஆம்ப்ஸ். காரணம், மாறுமின்னோட்டத்தில் காயில் தன் காந்தப்புலத்தாலேயே கரண்டை எதிர்க்கிறது, ஓடும் மோட்டார் எதிர்வோல்டேஜும் உண்டாக்குகிறது. இதெல்லாம் மல்டிமீட்டரின் சின்ன பேட்டரிக்குத் தெரியாது. ஆகவே மோட்டாரில் ஓம் அளப்பது காயில் அறுந்திருக்கிறதா, பாடியைத் தொடுகிறதா என்று பார்க்க மட்டுமே உதவும், அதில் இருந்து வாட்ஸ் கணக்கிடாதீர்கள்.

சரி, ஓடும்போது எடுத்த 220 வோல்ட்டையும் 7 ஆம்ப்ஸையும் பெருக்கினால்? 1540 வரும், ஆனால் அது வாட்ஸ் இல்லை, வோல்ட்-ஆம்பியர். அதில் எவ்வளவு பங்கு நிஜ பவர் என்று சொல்லும் பவர் ஃபேக்டரால் பெருக்கினால்தான் வாட்ஸ். 0.75 என்று எடுத்தால் 1155 வாட்ஸ், ஈ.பி. மீட்டரில் ஏறுவது இந்தக் கணக்குத்தான். "1 எச்.பி. என்றால் 746 வாட்ஸ்தானே, ஏன் இவ்வளவு?" என்று அடுத்த கேள்வி வரும். 746 என்பது தண்டு வெளியே கொடுக்கும் பவர். உள்ளே போவதில் மூன்றில் ஒரு பங்கு சின்ன மோட்டாரில் சூடாகவே போவது சாதாரணம்.

வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் குறையும் என்ற கீசர் பாடத்தை இங்கே கொண்டுவராதீர்கள், மோட்டாரில் நேர் எதிர். தண்ணீரைத் தூக்கும் வேலை அப்படியே இருப்பதால் வோல்டேஜ் இறங்கும்போது மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கிறது. 7 ஆம்ப்ஸ் 9 ஆனால் பார்க்கச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் காயிலில் சூடு 49க்கு 81 என்ற விகிதத்தில், அதாவது 65 சதவீதம் ஏறுகிறது. கோடையில் தோட்டத்து மோட்டார்கள் வரிசையாகக் காயில் போவது இப்படித்தான். கிளாம்ப் மீட்டரில் மோட்டாரின் லேபிள் ஆம்ப்ஸைத் தாண்டுவதைப் பார்த்தால் அப்போதே நிறுத்துங்கள், வோல்டேஜ் ஏறும்வரை காத்திருப்பது ரீவைண்டிங் செலவைவிட எவ்வளவோ மேல். வோல்டேஜ் சரியாக இருந்தும் ஆம்ப்ஸ் அதிகம் என்றால் கண்டன்சர், பேரிங், அடைத்துக்கொண்ட இம்பெல்லர் என்ற வரிசையில் பாருங்கள்.

கிளாம்ப் மீட்டரில் பூஜ்யம்

முழு கார்டையும் சேர்த்துக் கவ்வியிருக்கிறீர்கள். போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். பேஸ் ஒயரை மட்டும் தனியாகக் கவ்வ வேண்டும். இதற்கென்று ஒரு எக்ஸ்டென்ஷன் கார்டின் வெளி உறையை மட்டும் நீக்கி, உள்ளே இருக்கும் ஒயர்களின் இன்சுலேஷனில் கீறல் விழாமல் பிரித்து வைத்துக்கொள்ளலாம். எல்.ஈ.டி. பல்பு மாதிரி மிகக் குறைந்த கரண்ட் என்றால் அந்த ஒயரைக் கிளாம்பின் வாயில் 10 சுற்று சுற்றி, வரும் எண்ணை 10ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

எல்.ஈ.டி.க்கு ரெசிஸ்டர் கணக்கு: 12 ÷ 20 = 0.6 ஓம்?

20 என்பது மில்லிஆம்ப்ஸ். ஆம்ப்ஸாக மாற்றினால் 0.02. ஆயிரம் மடங்கு தப்பான விடை வந்தால் வேறெதையும் பார்க்க வேண்டாம், அலகைப் பாருங்கள். 0.6 ஓம் போட்டிருந்தால் எல்.ஈ.டி. அந்த நொடியே போயிருக்கும்.

திருத்திய பிறகும் 12 ÷ 0.02 = 600 என்பது சரியில்லை, ஏனென்றால் அந்த 12 வோல்ட்டும் ரெசிஸ்டரில் விழுவதில்லை. சிவப்பு எல்.ஈ.டி. தனக்கென்று 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 10. 10 ÷ 0.02 = 500 ஓம். கடையில் சுலபமாகக் கிடைக்கும் அடுத்த பெரிய மதிப்பு 560, சென்னை ரிச்சி தெருவில் சில்லறையாகவே வாங்கலாம். அதில் விழும் பவர் 0.18 வாட்ஸ், கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும் என்றாலும் மூடிய பெட்டிக்குள் வைப்பதாக இருந்தால் அரை வாட் போடுங்கள்.

வெளியே 2 ஆம்ப்ஸ்கூட இல்லை, இன்வெர்ட்டர் பேட்டரி ஒயர் ஏன் சுடுகிறது?

வெளியே 400 வாட்ஸ் லோடு என்றால் 400 ÷ 230 = 1.7 ஆம்ப்ஸ். ஆனால் பேட்டரிப் பக்கம் 230 இல்லை, 12 வோல்ட். 400 ÷ 12 = 33, இன்வெர்ட்டரின் சொந்த இழப்பையும் சேர்த்தால் 40 ஆம்ப்ஸ் பக்கத்தில். இவ்வளவு கரண்டுக்கு ஓம் கணக்கே தலைகீழாகிவிடும். வீட்டு லைனில் கண்டுகொள்ளவே தேவையில்லாத 0.01 ஓம், இங்கே 40 × 40 × 0.01 = 16 வாட்ஸ் சூடு. பச்சை, வெள்ளை என்று பூத்துப்போன டெர்மினல் அதைச் சுலபமாகக் கொடுத்துவிடும். மல்டிமீட்டரில் இந்த ஓமைப் பார்க்க முடியாது, அதன் ஒயர்களே 0.2, 0.3 ஓம் இருக்கும். பதிலாக லோடு ஓடும்போது ஒரு முனையை பேட்டரியின் ஈயக் கம்பத்திலும் மறு முனையை அதில் மாட்டிய கிளாம்பிலும் வைத்து டி.சி. வோல்டேஜ் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கழற்றி, வெந்நீர் ஊற்றித் துடைத்து, இறுக்கி, பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள்.

இன்வெர்ட்டர் ஓடும்போது வீட்டுப் பாயிண்டில் 180 வோல்ட் போலக் காட்டினாலும் பயப்பட வேண்டாம். சைன் அலை தராத இன்வெர்ட்டரில் சாதாரண மல்டிமீட்டர் குறைத்துத்தான் காட்டும், எந்த வடிவ அலையையும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டர் இல்லாமல் அந்த எண்ணைக் கணக்கில் போடாதீர்கள்.

எல்லாம் செய்தும் வாட்ஸ் மேல் நம்பிக்கை வரவில்லை

அப்படியானால் ஈ.பி. மீட்டரையே கேளுங்கள். அதில் சிமிட்டும் சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும், உதாரணமாக 3200. 36,00,000ஐ அந்த எண்ணால் வகுத்தால் 1125. இதை ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் ஆகும் நொடியால் வகுத்தால் வாட்ஸ். பத்துச் சிமிட்டலுக்கு 15 நொடி என்றால் ஒன்றுக்கு 1.5 நொடி, 1125 ÷ 1.5 = 750 வாட்ஸ். பவர் ஃபேக்டர் கவலை கிடையாது, மோட்டாருக்கும் பொருந்தும். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஃபிரிட்ஜையும் சேர்த்துத்தான், சோதிக்கும் பொருளை மட்டும் ஓடவிட வேண்டும்.

அந்தப் பொருளையும் அணைத்த பிறகு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் வேறு ஏதோ கரண்ட் எடுக்கிறது. மெயின் போர்டில் ஒவ்வொரு லைனுக்கும் உள்ள எம்.சி.பி. சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்குங்கள், பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் கொடுங்கள். எதை இறக்கிய பிறகு சிமிட்டல் நிற்கிறதோ அந்த லைனில் மாட்டியிருப்பதை எல்லாம் பிடுங்கிவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள். அப்போதும் சிமிட்டினால் சுவருக்குள் கசிவு இருக்கலாம், அந்த எம்.சி.பி.யை இறக்கியே வைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்கள்.